ஷிராணி மிஸ் வீட்டுக் கேத்தல்

ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் பாதையில் உள்ள அந்தத் தோட்டத்தில், ஷிராணியின் கையால் தண்ணீர் குடிக்காமல் வளர்ந்த பிள்ளை ஒன்றைக் காட்டுவது கஷ்டம். இருபத்திரண்டு வருடமாக அவள் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் மடுவத்து மிஸ். படித்தது சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான். மிஸ் ஆவதற்கு அது போதாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடமே மடுவத்தில் வயிற்றோட்டம் பரவியது. நான்கு பிள்ளைகளைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கும் பிழைத்து வந்தன. அதற்குப் பிறகு நுவரெலியாவில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். போய் வந்தவர்கள் பெரும்பாலும் அங்கே கொடுத்த ரோல்ஸைப் பற்றித்தான் பேசினார்கள். ஷிராணி மட்டும் ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்: தண்ணீர் கொதி வந்த பிறகும் கொஞ்ச நேரம் அடுப்பில் கிடக்க வேண்டும். அவர்கள் சொன்ன கொஞ்ச நேரம் அவளுக்குப் போதவில்லை. பத்து நிமிடமாக்கினாள், பிறகு அரை மணியாக்கினாள். மடுவத்துச் சுவரில் தன் உருண்டை எழுத்தில் ‘தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கவும்’ என்று எழுதினாள். ‘நன்றாக’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

அதோடு மடுவத்தில் வயிற்றோட்டம் என்ற பேச்சே இல்லாமல் போனது. தோட்டத்தை நடத்துகிற தொரை வந்து பார்த்துவிட்டுச் சுவரைக் காட்டி மெச்சினார். எழுத்து மங்கும்போதெல்லாம் ஷிராணி அதன் மேலேயே திரும்ப எழுதினாள். வருடங்கள் போகப் போக அந்த இரண்டு கோடும் தடித்துக்கொண்டே வந்தன.

அவள் புருஷன் றொனால்டுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. பேச்சு குறைவு. ஏழு பேர்ச்சஸ் காணியில் புது வீடு கிடைத்து லயத்து வரிசை வீட்டை விட்டு மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் அந்த உயரத்துக்கு வராது என்று. வீடு கட்டிக் கொடுத்தவர்கள் வர்ணமெல்லாம் அடித்துத் திறப்பு விழா வைத்தார்கள். தண்ணீரைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. ஒரு பெப்ரவரி மாதம் றொனால்ட் வீட்டுக்குப் பின்னால் தன் கையாலேயே கிணறு வெட்டினான். பதினான்கு அடியில் ஊற்று கண்டது. “இந்தா, ஒனக்குன்னு ஒரு கெணறு” என்று மேலெல்லாம் சேறோடு ஏறி வந்து சொன்னான். அவன் அவளுக்குக் கொடுத்த நகை என்றால் அதுதான்.

கிணற்றுக்கு மேல் பக்கச் சரிவில் அவனுடைய மரக்கறிப் பாத்திகள். லீக்ஸ், கரட், பருவத்துக்கு உருளைக்கிழங்கு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் போடுகிற மாதிரி யூரியாவும் கோழி எருவும் அவனும் போட்டான். எரு மூட்டைகளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தான். சரிவில் சமமான இடம் அது ஒன்றுதான்.

வீட்டில் ஒரு அலுமினியக் கேத்தல் இருந்தது. காலையில் ஏற்றினால் அடுப்பு அவிகிற வரைக்கும் இறங்காது. அந்தக் குளிரில் யார் அடுப்பை அணைப்பார்கள்? வருகிறவர்களுக்கு அதிலிருந்து பிளேன்டீ. தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்வாள். காலியாக்கிக் கழுவுவது நத்தாருக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை. அடியில் கிடக்கிற தண்ணீர் என்றைக்கு ஊற்றியது என்று கேட்டால் மாதாவுக்குத்தான் தெரியும். விடிந்ததும் முதல் வேலையாக அதிலிருந்து இரண்டு சுடுதண்ணிப் போத்தலை நிரப்பி மடுவத்துக்குக் கொண்டுபோவாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். நாற்பத்தொரு வயது. ரொஷான் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் அவளுக்குப் பால் வற்றிப்போனது. பால்மா கரைத்துக் கொடுத்தாள். தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேத்தலில் கொதித்துக் கொதித்து இருந்த தண்ணீரில்தான் கரைத்தாள். நான்காம் மாதம் பிள்ளையின் உதடு ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்தது. குளிர் என்றார்கள். இரண்டு கம்பளி போட்டுச் சுற்றினாள். பிள்ளை சோர்ந்து கிடந்ததால் இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று தண்ணீரை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரத்தம் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயத்தில் ஓட்டை இருந்திருக்கலாம் என்றார்கள். மரணப் பத்திரத்திலும் இதயம் என்றுதான் எழுதினார்கள்.

வயதான வயிற்றில் பிறந்த பிள்ளை தங்காது என்று லயத்தில் பேசினார்கள். முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அந்த மட்டில் நல்ல சனங்கள். ஆனால் கேட்கும் தூரத்தில் சொன்னார்கள். ஷிராணி அதை ஏற்றுக்கொண்டாள். எட்டாம் நாள் மடுவத்துக்குத் திரும்பிப் போனாள். அழவில்லை. மிஸ் கல்லாகிப் போய்விட்டாள் என்றார்கள். கல்லெல்லாம் இல்லை. கல்லுக்கு ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பு மூட்ட வேண்டிய அவசியம் இல்லையே. பல்லுப் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி அவளுக்கு உள்ளே மரத்துப் போயிருந்தது. சாப்பிட்டாள், பேசினாள், பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டாள். மகனுடைய பெயரை மட்டும் அதற்குப் பிறகு அவள் வாயால் சொல்லவில்லை. றொனால்டும் சொல்லவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது.

கோசலா கொழுந்து பறிக்கிற பெண். இருபத்து நான்கு வயது. பிரசவ லீவு முடிந்து பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்கு இறங்க வேண்டிய நாள் வந்ததும் தன் மகளை மடுவத்தில் கொண்டுவந்து விட்டாள். அவளுக்குக் கொழுந்து பறிக்கக் கொடுத்த மலை தூரம். நடுவில் வந்து பால் கொடுக்க முடியாது. பால்மா டின்னை ஷிராணியிடம் கொடுத்து, “ஒங்க தண்ணியிலயே கரைச்சிக் குடுங்க மிஸ். எனக்கு வேற யாரு மேலயும் நம்பிக்க இல்ல” என்றாள். ஷிராணி அப்படியே செய்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஒரு வயதைத் தாண்டியவை. கைக்குழந்தை என்று அப்போது மடுவத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி அளவில் துணி மாற்றும்போது ஷிராணி பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

“குளிருக்கு அப்படித்தான் இருக்கும் மிஸ். நல்லா போத்தி விடுங்க” என்றாள் மடுவத்தில் உதவிக்கு இருக்கும் ராக்காயி.

“குளிரு இல்ல!” என்று ஷிராணி போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழும்பி அழத் தொடங்கின. இரண்டு வருடத்தில் அவள் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடினாள். கொழுந்து லொறியை மறித்து ஏறினாள். வழியில் மலையில் இருந்த கோசலாவையும் ஏற்றிக்கொண்டார்கள். கூடையைக்கூட இறக்காமல் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா பிள்ளைக்கு இரத்தம் எடுத்தார். அது சிவப்பாக இல்லை. ஊறிக் கறுத்துப்போன சாயத்தண்ணீர் போல இருந்தது. டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய், நீல நிறத்தில் ஒரு மருந்து கொண்டுவந்து ஊசியால் ஏற்றினார். ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையின் உதடு சிவந்தது. கோசலா சுவரில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள். ஷிராணி கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு டொக்டர் அம்மா சிங்களத்தில் கேட்டார், பால் கரைக்க எந்தத் தண்ணீர் என்று. ஷிராணி சிங்களத்திலேயே பதில் சொன்னாள். கிணற்றுத் தண்ணீர், நன்றாகக் கொதிக்க வைத்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் மரக்கறி போடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. ஆமாம் என்றாள். டொக்டர் ஒரு துண்டில் எழுதி, தண்ணீரைப் பரிசோதிக்கும் வரைக்கும் எந்தக் கைக்குழந்தைக்கும் அதைக் கொடுக்க வேண்டாம் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஷிராணிக்குக் கணக்கு நேராகிவிட்டது. கோசலாவின் மகளுக்கு அந்த நிறம் தண்ணீரால் வந்தது என்றால், ரொஷான் குடித்ததும் அதே தண்ணீர்தான். றொனால்ட் வெட்டிய கிணறு. அவள் இறக்காத கேத்தல். தண்ணீரால் வரவில்லை என்றால் பழையபடி அவளுடைய வயிறுதான் காரணம். இரண்டையும் மாறி மாறி எடைபோட்டுக்கொண்டே வந்தாள்.  வீட்டுக்கு வந்து, பிள்ளை பிழைத்தது என்றும் தண்ணீர் எடுக்க ஆள் வரும் என்றும் றொனால்டிடம் சொன்னாள். டொக்டர் பாத்தியைப் பற்றிக் கேட்டதைச் சொல்லவில்லை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து பெரியவர் ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே வெள்ளையடித்து, தண்ணீர் ஓடும் காணைக் கூட்டி, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். வருகிறவர் குறையைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. றொனால்டும் அதையே செய்தான். கிணற்றை இறைத்துக் கழுவினான். குளோரின் போட்டான். வாய்க்கட்டுக்கு வெள்ளையடித்தான். எரு மூட்டைகள் பதினேழையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திக்கு அந்தப் பக்கம் வைத்தான்.

ஷிராணி குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையடித்தது சரி. மூட்டையை நகர்த்தச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அவனுக்குள்ளும் அதே கேள்விதான் ஓடுகிறது என்று. கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். தேங்காய் துருவப் போய்விட்டாள்.

சுகாதாரப் பரிசோதகர் லோஜன் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹட்டன் பக்கத்து ஆள், சிரித்த முகம். வெள்ளை வெளேரென்று நின்ற கிணற்றைப் பார்த்து, “என்னங்க, கெணத்துக்குக் கல்யாணமா?” என்றார். இறைத்துக் குளோரின் போட்டதைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். குளோரின் அடங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய், பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். கயிற்றில் போத்தலைக் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தார். கிருமிக்கு ஒரு போத்தல், இரசாயனத்துக்கு ஒன்று. இரண்டையும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

ஷிராணி கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “இதையும் எடுங்க.”

“காய்ச்சின தண்ணி எதுக்கு மிஸ்? கெணத்துத் தண்ணிய பாத்தா போதும்.”

“புள்ள குடிச்சது இதைத்தான்.”

எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு பிள்ளைதான். பெட்டியில் மீதியிருந்த ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். ஷிராணியே ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று வாரமும் றொனால்ட் பாத்திப் பக்கம் போகவில்லை. லீக்ஸ் முற்றிக்கொண்டு நின்றது. கேட்டவர்களிடம் முதுகு வலி என்றான். சாப்பாட்டுக்கு உட்காரும்போது இரண்டு பேரும் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இரண்டாவது வாரம் கோசலா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஷிராணியின் வீட்டுக்கு வந்தாள். மகளை ஷிராணியின் மடியில் வைத்தாள். உதடு நல்ல சிவப்பாக இருந்தது.

“நீங்க இல்லாட்டி நாங்க குளிருன்னே போத்தி வச்சிருப்போம் மிஸ். ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி?”

“தெரியும்” என்றாள் ஷிராணி.

பிள்ளை சிணுங்கியது. கோசலா பையிலிருந்து பால்மாவையும் சூப்புப் போத்தலையும் எடுத்து, வழக்கமாகச் செய்கிற மாதிரி மேசையில் இருந்த சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தாள். ஷிராணி எட்டி அதைப் பறித்தாள். பிள்ளை மடியிலிருந்து நழுவப் பார்த்தது.

“அது வேணாம்!”

“ஒங்க தண்ணியில ஒன்னும் இருக்காது மிஸ். டொக்டரு என்னமோ சொல்றாங்க. ஒங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்து நல்ல பெயர் அது. அந்த நேரத்தில் ஷிராணிக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிள்ளையைத் தூக்கிக் கோசலாவின் கையில் கொடுத்து, லயத்துக்குப் போய்ப் பீலித் தண்ணீரைக் காய்ச்சிக் கரைக்கச் சொன்னாள். கோசலா முகம் வாடித்தான் போனாள்.

லோஜன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடிதங்களோடு வந்தார். முன் அறையில் உட்கார்ந்தார். றொனால்ட் உள்ளே வரவில்லை. வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

“கிருமி ரிப்போட் சுத்தம். ஒன்னுமே இல்ல” என்றார் லோஜன். றொனால்டின் தோள் கொஞ்சம் இறங்கியது. லோஜன் அடுத்த தாளை எடுத்தார். “இது நைத்திரேற்று. ஒரு வகை உப்பு மாதிரி. ஒரத்துல இருந்தும் கோழி எருவுல இருந்தும் மழையோட எறங்கி ஊத்துக்குப் போயிருது. அம்பதுக்குள்ள இருக்கணும். கெணத்துல நூத்திப் பதினாலு இருக்கு.”

“கேத்தல்ல?”

“முன்னூத்தி இருவது.” அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். “காய்ச்சினா கிருமிதான் சாகும் மிஸ். இது போகாது. தண்ணி ஆவியா போகப் போக இது கேத்தல்லயே தங்கிரும். மேல மேல ஊத்தக் கூடிக்கிட்டே வரும். பெரியாளுங்களுக்கு ஒடனே ஒன்னும் செய்யாது. ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கிற புள்ளைங்களுக்குத்தான் ஆபத்து. ரத்தத்துல மூச்சுக்காத்து ஏறாம போயிரும்.”

ஷிராணி தாளில் இருந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப காய்ச்சாம குடுத்திருந்தா?”

“இவ்வளவு ஏறியிருக்காது.”

அவர் படித்தவர். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஷிராணி தலையாட்டினாள். பிள்ளை சோர்ந்து கிடந்த அந்தக் கடைசி நாட்களில் தண்ணீரை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டது நினைவுக்கு வந்தது. அது வலிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. வலி இன்னும் வந்து சேரவில்லை.

லோஜன் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். வீட்டு இலக்கம், கிணற்றின் ஆழம், பாத்திக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம். எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கையெழுத்துக்காக அவள் பக்கம் திருப்பி வைத்தார். இருபத்திரண்டு வருடமாக மடுவத்துப் பிள்ளைகளின் வரவு இடாப்பு மார்க் பண்ணுகிறவள். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. மேலிருந்து வாசித்து வந்தாள். ‘பாதிக்கப்பட்ட கைக்குழந்தைகளின் எண்ணிக்கை’ என்று ஒரு வரி. அதற்கு நேரே அவர் 1 என்று எழுதியிருந்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. பத்திரத்தில் இதயம் என்றே இருக்கும். லயத்தில் வயதான வயிறு என்றே பேசிக்கொண்டிருப்பார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற மனிதன் நாளைக்குப் பாத்திக்குப் போவான். இரண்டு வருடம் அப்படித்தானே ஓடியது, மீதியும் ஓடும். அவள் பேனாவைத் திறந்தாள். திரும்ப மூடி மேசையில் வைத்தாள்.

“ஒன்னுன்னு போட்டிருக்கீங்க” என்றாள். “ரெண்டு.”

லோஜன் நிமிர்ந்து பார்த்தார். “மத்தது யாரு புள்ள மிஸ்? பேரு வேணுமே.”

ஷிராணி வாயைத் திறந்தாள். இரண்டு வருடமாகச் சொல்லாத பெயர். நாக்கு அந்த இடத்துக்குப் போனது, சத்தம் வரவில்லை. திரும்பவும் முயன்றாள். வரவில்லை. லோஜன் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“ரொஷான்” என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. றொனால்ட் திரும்பவில்லை. கிணற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். “ரொஷான்னு எழுதுங்க. நாலு மாசமும் ஒம்பது நாளும். எங்க மகன்.”

லோஜன் ஒன்றை வெட்டிவிட்டு இரண்டு என்று எழுதினார்.